மன்னிப்புக் கடுதாசி

படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ஸு குலுங்குது, மடியில வச்சுப் போட்டா கையெழுத்து கோணிக்கும், அதுக்காகவும்தான் சொல்றேன். காலேஜ்ல குடுத்த ஒழுங்கு விதிப் புஸ்தகமா? மகளுக்கா? நல்லது. பெத்தவங்க உறுதிமொழி கடைசிப் பக்கத்தில இருக்கும். கிழிச்சுக் குடுக்க வாகாப் புள்ளி புள்ளியா வச்சிருப்பாங்க. எம் மக சேந்தப்பவும் இதே மாதிரிதான் குடுத்தாங்க.

நான் மதுரைக்குப் போறேன். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போவேன். வீட்டுக்காரியும் மகளும் அங்க இருக்காங்க, நான் மட்டும் இங்க. சண்டையெல்லாம் இல்ல சார். அப்படி ஒண்ணும் இல்ல.

நான் கோர்ட்ல டவாலி. பேரு பொன்னையா. வெள்ளை உடுப்பு, குறுக்க சிவப்புப் பட்டை, அதுல பித்தளை வில்லை. நீதிபதி அய்யா வரும்போது முன்னால நடக்கணும். கேஸைச் சொன்னதும் வாசப்படியில நின்னு பேரைக் கூப்பிடணும், மூணு தடவை. இருபத்தெட்டு வருஷம் சர்வீஸு. எதுக்குச் சொல்றேன்னா, சட்டம் தெரியாத ஆளு இல்ல நான். எத்தனை பேரைப் பாத்திருப்பேன். குத்தத்தை ஒத்துக்கிட்டவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருவான். "நான் செய்யலை"ன்னு நிமிந்து நின்னவன் பத்து வருஷம் படியேறி இறங்குவான், செருப்பும் தேயும், ஆளும் தேய்வான். இதை எந்தப் புஸ்தகத்திலயும் படிக்கலை. கண்ணால பாத்தது.

அந்த நினைப்பிலதான் சார் எம் மக விஷயத்தையும் முடிச்சேன். நல்லபடியாத்தான் முடிச்சேன். அதைத்தான் யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.

சங்கரேஸ்வரி அவ பேரு. வீட்டில சங்கரி. ஒரே பிள்ளை. பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி, எங்க ஊருக் காலேஜ்லயே. அவளுக்குக் கூட்டாளி ஒருத்தி, முத்துப்பேச்சின்னு, கரிசக்காட்டுப் பக்கம் ஒரு ஊரு, ஹாஸ்டல்ல இருந்தா. சனிக்கிழமையானா எங்க வீட்டுக்கு வந்துரும் அந்தப் புள்ளை. என்னை அப்பான்னுதான் கூப்பிடும். வீட்டுக்காரி ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் தலை பின்னி விடுவா.

ரெண்டாம் வருஷம் பாதியில ஒருநாள் காலேஜ்ல இருந்து போன். பெத்தவங்க நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்னால ஆஜராகணும்னு. ஆஜராகணும்னேதான் சொன்னாங்க. எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. மத்தவங்களை ஆஜராகச் சொல்லிக் கூப்பிட்டே பழகின ஆளு இல்லையா.

சங்கரிகிட்ட கேட்டேன். மறைக்கலை. "காலேஜ் புகார்ப் பெட்டியில ஒரு கடுதாசி போட்டேன்ப்பா. பேரு போடாம. ரெக்கார்டு நோட்டை வச்சு எழுத்தை ஒத்துப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டாங்க"ன்னா. என்ன கடுதாசின்னேன். அவங்க லேப்ல தனபாலன்னு ஒரு வாத்தியார். பேச்சிகிட்ட தப்பா நடந்துக்கிட்டாருன்னு. ஒரு தடவை இல்ல, பல தடவை. ஒரு தடவை கதவுகிட்ட நின்னு சங்கரியே பாத்திருக்கா. பேச்சிக்கு எழுதக் கை வரலை, இவ எழுதிட்டா.

"நெசமாம்மா?"ன்னு கேட்டேன்.

"நான் பாத்தேன்ப்பா"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. நான் நம்பலைன்னு சொல்லாதீங்க சார். நம்புனேன். அன்னைக்கும் நம்புனேன், இன்னைக்கும் நம்புறேன். நம்புறது வேற, கேஸு வேற.

மறுநாள் போனோம். பிரின்ஸ்பல் அம்மா நடுவுல, ரெண்டு பக்கமும் நாலு பேரு. அதுல ஒருத்தரு யாருன்னா, அந்த தனபாலனே. குழுவில அவரும் ஒரு உறுப்பினராம். சங்கரி அவரைப் பாத்ததும் என் கையைப் பிடிச்சா. சின்னப் பிள்ளையில ஊசி போடப் போகும்போது பிடிப்பா, அந்த மாதிரி. ஆனா சார், உள்ளதைச் சொல்லணும். நான் உள்ள நுழைஞ்சதும் சேரை இழுத்துப் போட்டு "உக்காருங்க அய்யா"ன்னது யாருன்னு நினைக்கிறீங்க? அந்த மனுஷன்தான். இருபத்தெட்டு வருஷத்தில எந்த விசாரணையிலயும் நான் உக்காந்ததில்ல. நின்னே பழகின காலு. உக்காந்ததும் ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு. காபி குடுத்தாங்க. குடிச்சேன். சங்கரி நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. மாணவிகள் நிக்கணுமாம், அப்படி ஒரு முறை.

பிரின்ஸ்பல் அம்மா கண்ணாடியைப் போட்டு விதிப் புஸ்தகத்தை வாசிச்சாங்க. இருபத்து மூணாவது விதி. ஆசிரியர் மேல அவதூறு பரப்பினா டி.சி. குடுத்து வெளிய அனுப்பிரலாம். அதுக்கு அடுத்த விதி, மாணவி தன் தவறை உணர்ந்து எழுத்து மூலமா மன்னிப்புக் கேட்டு, குழுவுக்கும் திருப்தியா இருந்தா, ரெண்டு வாரம் சஸ்பெண்டோட விட்டுரலாம். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்கன்னு மத்தியானம் வரைக்கும் டைம் குடுத்தாங்க.

சங்கரி சொன்னா, "மேடம், பேச்சி வெளிய உக்காந்திருக்கா. அவளைக் கூப்பிட்டுக் கேளுங்க. அவ சொல்லுவா."

"முதல்ல உன் விஷயம் முடியட்டும். அப்புறம் அவளைக் கூப்பிடுறோம்"னாங்க அந்த அம்மா.

வெளிய வந்தோம். வராந்தா பெஞ்சில பேச்சி உக்காந்திருந்தா. சங்கரியைப் பாத்ததும் எந்திரிச்சா. சங்கரி தலையை மட்டும் ஆட்டுனா, பயப்படாதேங்கிற மாதிரி. நான் இவளை சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டேன்.

அங்க ஒரு வாகை மரம். அதுக்கடியில யாரோட டிவிஎஸ் பிப்டியோ நின்னுச்சு. அந்த சீட்டு மேல பேப்பரை வச்சு நான் எழுத ஆரம்பிச்சேன். கோர்ட்ல எத்தனை மனு பாத்திருக்கேன், எனக்கா எழுதத் தெரியாது? "மாட்சிமை பொருந்திய முதல்வர் அம்மா அவர்களின் திருவடிகளுக்கு." அப்படி ஆரம்பிச்சு, சங்கரி சொல்ற மாதிரியே எழுதினேன். தனபாலன் சார் மேல எழுதினது பூராவும் என் கற்பனை. மதிப்பெண் குறைச்சுப் போட்டாருங்கிற கோபத்தில எழுதிட்டேன். என் தோழி முத்துப்பேச்சிக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவளுக்கு அப்படி எதுவும் நடக்கவும் இல்லை. இந்தக் கடைசி வரியை நானாத்தான் சேத்தேன் சார், அந்தப் புள்ளைக்கு ஒரு வம்பும் வந்துரக் கூடாதேன்னு. அவளுக்கும் நல்லதுன்னுதான் நினைச்சேன்.

சங்கரி வாசிச்சா. வாசிச்சுட்டு, "இது பொய்யிப்பா"ன்னா.

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? ஒரு கையெழுத்துதானேம்மா. இன்னும் மூணு செமஸ்டரு இருக்கு. டிகிரி வாங்கிட்டு வெளிய வா. அப்புறம் நீ என்ன வேணும்னாலும் சொல்லு."

"பேச்சி என்னை நம்பித்தான்ப்பா வெளிய உக்காந்திருக்கா."

"பேச்சிக்கு அப்பா இருக்காரும்மா. அவரு பாத்துக்குவாரு."

"அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா அவளைத்தான் வெட்டுவாரு."

மணி ஒண்ணாச்சு, ஒண்ணேகாலாச்சு. பேனாவை வாங்க மாட்டேங்கிறா. கல்லு மாதிரி நிக்கிறா. எனக்கு வேற வழி தெரியலை சார். கோர்ட்டு வாசல்ல தினம் பாக்கிறதுதான். பெரிய மீசை வச்சவனெல்லாம் வக்கீல் குமாஸ்தா கால்ல விழுவான். கால்ல விழுந்தா எந்தக் கதவும் திறக்கும். நானும் விழுந்தேன். ஆமா, எம் மக கால்லதான். உடுப்போட. அன்னைக்கு மத்தியானம் டூட்டிக்குப் போகணும்னு உடுப்பு போட்டுத்தான் வந்திருந்தேன்.

அவ "அப்பா"ன்னு ஒரு சத்தம் போட்டா. அது மாதிரி ஒரு சத்தம் நான் கேட்டதில்ல. குனிஞ்சு என்னைத் தூக்கலை. பின்னால நகந்து, அந்த சீட்டு மேல இருந்த பேப்பரை இழுத்து, பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டா. பேனா கீழ விழுந்துச்சு. அதை நான் எடுத்துச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

கடுதாசியைக் குடுத்தேன். குழுவுக்குத் திருப்தி. "நீங்க ரொம்ப பக்குவமானவரு"ன்னு பிரின்ஸ்பல் அம்மா சொன்னாங்க. அப்புறம்தான் பேச்சியைக் கூப்பிட்டாங்க. நாங்க வராந்தாவில நின்னோம், கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. அந்தப் புள்ளைகிட்ட ஒண்ணும் கேக்கலை சார். அந்த மன்னிப்புக் கடுதாசியைக் கையில குடுத்து, "உன் தோழி எழுதியிருக்கா, வாசி"ன்னாங்க. நின்னுக்கிட்டே வாசிச்சா. ரொம்ப நேரம் வாசிச்சா. "நீ ஏதும் சொல்லணுமா?"ன்னாங்க. இல்லைன்னு தலையை ஆட்டிட்டு வெளிய வந்துட்டா.

சங்கரி "பேச்சி"ன்னா. அவ திரும்பிப் பாக்காமப் போகலை. பாத்தா. கோபமா எல்லாம் பாக்கலை. தெரியாத ஊர்ல இறங்கினவங்க போர்டைப் பாப்பாங்களே, அது மாதிரி பாத்துட்டு நடந்துட்டா. மறுநாள் ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாளாம். அப்புறம் ஏதோ மில்லுல வேலைன்னு கேள்விப்பட்டேன்.

எம் மக படிச்சு முடிச்சா சார். ஒரு பேப்பர் அரியர் இல்ல. நடத்தைச் சான்றிதழ்ல என்ன போட்டிருந்தாங்க தெரியுமா? "நன்று." நான் லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். இதைவிட ஒரு தகப்பன் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க.

ஆனா அன்னையில இருந்து அவ என்கிட்ட பேசலை. மரியாதைக் குறைச்சல்னு சொல்ல முடியாது. நான் வந்தா எந்திரிச்சு நிப்பா. தண்ணி கொண்டாந்து வைப்பா. பேச்சு மட்டும் இல்ல. "அம்மா, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." நான் பக்கத்திலதான் உக்காந்திருப்பேன். சரி, வயசுக் கோபம், ஒரு மாசத்தில போயிரும்னு நினைச்சேன். மாசம் வருஷமாச்சு. மதுரையில ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை கிடைச்சதையும் வீட்டுக்காரிதான் வந்து சொன்னா.

அப்புறம்தான் சார் அந்தக் கேஸு வந்துச்சு.

அதே காலேஜ், அதே வாத்தியாரு. இந்தத் தடவை முதல் வருஷத்துப் புள்ளை ஒண்ணு. அவங்கம்மா காலேஜுக்குப் போகலை, நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிருச்சு. போலீசு பழசைக் கிண்டிப் பேச்சியைத் தேடிப் பிடிச்சாங்க. பேச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா. பாத்த சாட்சி யாருன்னு கேட்டதுக்கு, எம் மக பேரைச் சொல்லியிருக்கா. கேஸு எங்க கோர்ட்டுக்கு வந்து விசாரணைக்கு எடுக்க மேல ஒரு வருஷம் ஆச்சு.

அன்னைக்குக் காலையில கேஸ் லிஸ்டில பேரைப் பாத்தேன். அரசுத் தரப்புச் சாட்சி, சங்கரேஸ்வரி. லீவு போட்டிருக்கலாமேன்னு வீட்டுக்காரி பின்னால கேட்டா. விசாரணை நாள்ல நான் லீவு போட்டதில்ல சார், அது ஒரு பழக்கம்.

பெஞ்சு கிளார்க் சைகை காட்டினாரு. வாசப்படிக்குப் போனேன். "சங்கரேஸ்வரீ..." முதல் தடவை கூப்பிட்டதுமே வந்துட்டா. தூணுக்குப் பக்கத்திலதான் நின்னிருக்கா. என் முன்னால வந்து நின்னா. ஆனா மூணு தடவைன்னா மூணு தடவைதானே. அவ மூஞ்சிக்கு நேரா நின்னு இன்னும் ரெண்டு தடவை கத்திக் கூப்பிட்டேன். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. நான் முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு உள்ள போனா.

நல்லாச் சொன்னா சார். தடுமாறாம, பாத்ததைப் பாத்த மாதிரி. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான். அப்புறம் தனபாலன் பக்கத்து வக்கீல் எந்திரிச்சாரு. பைல்ல இருந்து ஒரு பேப்பரை எடுத்தாரு. எனக்குத் தூரத்திலயே தெரிஞ்சுபோச்சு. என் எழுத்து எனக்குத் தெரியாதா?

"இதுல இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"கையெழுத்து என்னுது. மத்த எழுத்து பூராவும் எங்கப்பா எழுதுனது."

"உங்கப்பா அடிச்சு எழுதி வாங்கினாரா? மிரட்டினாரா?"

"இல்ல."

"பின்ன எதுக்குப் போட்டீங்க?"

"எங்கப்பா என் கால்ல விழுந்தாரு."

வக்கீல் சிரிச்சுக்கிட்டே, "எந்த ஊர்லயும்மா தகப்பன் மக கால்ல விழுவான்? கதை சொல்றீங்க"ன்னாரு. நீதிபதி அய்யா புதுசா மாறுதல்ல வந்தவரு, அவருக்கு என் குடும்பம் தெரியாது. அவரு நிதானமா கேட்டாரு, "உங்க அப்பா இங்க வந்து அதைச் சொல்வாராம்மா?"

"அதை அவருதான் சொல்லணும்"னா.

என் பக்கம் திரும்பலை. காட்டிக் குடுக்கலை. பெஞ்சு கிளார்க் மட்டும் என்னை ஒரு பார்வை பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் எத்தனை அடி தூரத்தில நின்னேன்? பத்தடி இருக்கும். சார், டவாலி கோர்ட்டுக்குள்ள வாயைத் திறக்கலாமா? பேரைக் கூப்பிடலாம், "சத்தம் போடாதீங்க"ன்னு சொல்லலாம். அதுக்கு மேல பேச அவனுக்கு இடம் கிடையாது. விதி அப்படி. நான் சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். பன்னெண்டு இருபது.

வெளிய அவ இறங்கும்போது பின்னாலயே போனேன். "நல்லாச் சொன்னம்மா"ன்னேன். நின்னா. மூணே முக்கா வருஷம் கழிச்சு என்னைப் பாத்துப் பேசினா.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"அங்க நான் பேசக் கூடாதும்மா."

"சரிப்பா"ன்னா. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. "சரிப்பா"ன்னுட்டுப் போயிட்டா.

முதல் வருஷத்துப் புள்ளை வீட்டில அதுக்குள்ள கல்யாணம் பேசிட்டாங்க, அந்தப் புள்ளை கூண்டில ஏறி ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிருச்சு. மிச்சம் இருந்தது பேச்சியும் சங்கரியும். சங்கரி முன்னால எழுதிக் குடுத்த கடிதத்துக்கும் இப்பச் சொல்றதுக்கும் முரண்பாடு இருக்கு, அதுல அவ மனசில்லாமத்தான் கையெழுத்துப் போட்டான்னு நிரூபிக்கலைன்னு சொல்லி, சந்தேகத்தின் பலனைக் குடுத்து அவரை விட்டுட்டாங்க. தீர்ப்பு வாசிக்கும்போது நான் அய்யாவுக்குப் பின்னாலதான் நின்னேன்.

அந்த வாரமே வீட்டுக்காரி ரெண்டு பையில துணியை அடுக்கினா. "சங்கரிக்குச் சமைச்சுப் போட ஆளில்ல"ன்னா. நியாயம்தானேன்னு பஸ் ஏத்தி விட்டேன். ஒரு மாசம்னு நினைச்சேன். இப்ப நான் போனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதில்ல. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுலயே தூக்குச்சட்டியில புளியோதரை கொண்டாருவா. பெஞ்சில உக்காந்து சாப்பிடுவேன். "சங்கரி எப்படி இருக்கா?" "இருக்கா." அடுத்த பஸ்ஸுக்கு ஏறிருவேன்.

பேச்சி போன பங்குனியில என்னைத் தேடி வந்துச்சு. கோர்ட்டுக்கு எதுத்தாப்ல டீக்கடை. ஆளே உருமாறிப் போச்சு, விரல் நகத்திலயெல்லாம் பஞ்சு. இப்பவும் அப்பான்னுதான் கூப்பிடுது. "அப்பா, மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போட்டிருக்கோம். கடுதாசியை நீங்கதான் எழுதி, கால்ல விழுந்து கையெழுத்து வாங்கினீங்கன்னு நீங்களா வந்து சொன்னா, எங்க வக்கீலு மனுப் போட்டுப் பாக்கலாம்கிறாரு"ன்னுச்சு.

நான் மாட்டேன்னு சொல்லலை சார். ரிட்டையராக இன்னும் ஏழு மாசம் இருக்கு, அதையும் பெருசா நினைக்கலை. "சம்மன் வரட்டும்மா, வந்தா கண்டிப்பா வருவேன்"னேன். "கேக்காம யாருப்பா சம்மன் அனுப்புவாங்க?"ன்னுச்சு. அந்தப் புள்ளை டீயைப் பாதி குடிச்சிட்டு வச்சுட்டுப் போயிருச்சு.

வர்ற வியாழக்கிழமை மேல் கோர்ட்ல கேஸு எடுக்கிறாங்களாம். தபால்காரரு தெரு முக்குல மணியடிச்சா நான் வாசலுக்கு வந்து நின்னுருவேன். கரண்ட் பில்லு வருது, பேங்க் கடுதாசி வருது. சம்மன் வரலை.

என்ன சார் சொல்றீங்க? சம்மன் இல்லாமயா? நானாப் போயா?

இத்தனை வருஷத்தில அப்படி ஒருத்தரும் வந்து நான் பாத்ததில்லையே. அது எப்படி சார், வெளிய யாரும் நின்னு பேரைக் கூப்பிடாம, ஒரு மனுஷன் பாட்டுக்கு எப்படி சார் உள்ள போறது?